சிவப்பு நகப்பூச்சு

கோட்கா துறைமுகத்தில் பிப்ரவரி.
பனியுடைக்கும் கப்பல் காலையிலேயே போய்விட்டது;
அது கீறிய தடம் மதியத்துக்குள் மூடிக்கொண்டது.
மாலுமிகள் மன்றத்தின் மேடைக்குப் பின்னால்
ஆம்ப்ளிஃபயரைக் குப்புறக் கவிழ்த்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை, மூன்றாவது டாங்கோவின் நடுவில்
இடது வால்வின் தகடு தணலாகச் சிவந்தது.
ஆடியவர்கள் அழகு என்றார்கள்.
நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

பொருளாளர் வெய்க்கோவுக்கு ஒரே யோசனை:
பயாஸ் குமிழைக் கொஞ்சம் குறை.
குறைக்கலாம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே குமிழ்.
இடதுக்குக் காய்ச்சல் இறங்குவதற்குள்
வலது விறைத்துப்போகும்,
மெல்லிய இடங்களில் வயலின் கரகரக்கும்.
சரி, பொருந்திய ஜோடியாகப் புதிதாக வாங்கு என்றேன்.
விலையைக் கேட்டுவிட்டு
சர்க்கரை போடாத காபியை வெகுநேரம் கலக்கினார்.

ஆகவே சுற்றையே மாற்றுகிறேன்.

அணைத்த பிறகும் முந்நூற்றெண்பது வோல்ட்
கண்டென்சருக்குள் உட்கார்ந்து ஆளைப் பார்த்திருக்கும்.
அதைக் காலி செய்தேன்.
ஒரு கை எப்போதும் சட்டைப்பையில்,
கப்பல் வேலையில் வந்த பழக்கம்.

கேத்தோடுகளின் கீழே ஆளுக்கு ஒரு ஓம்.
இனி மீட்டர் காட்டும் மில்லிவோல்ட்தான் மில்லியாம்ப்,
கணக்குப் போட வேண்டாம்.
அரை நிமிடம் மட்டும் உயிர் கொடுத்தேன்.
இடது எழுபத்து நான்கு. வலது முப்பத்தொன்று.
ஒரே மைனஸ் முப்பத்திரண்டைக் குடித்துவிட்டு
இப்படி.

பழைய குமிழின் தலையில் சிவப்பாக ஒரு சொட்டு.
துருவோ என்று தொட்டேன். நகப்பூச்சு.
யாரோ, எந்த வருஷமோ,
சரியான இடத்தைக் கண்டுபிடித்து,
கைப்பையைத் திறந்து,
அசையாதே என்று முத்திரை வைத்திருக்கிறாள்.
மன்றத்தின் பதிவேட்டில்
பழுது பார்த்தவர்கள் எல்லாரும் ஆண்கள்.

ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டினேன்.
அவள் பார்த்து வைத்த ஜோடி வேறு.

இரண்டு குமிழ்கள். கிரிட்டுக்கு ஒன்று.
குமிழுக்குள் விரல் தேய்ந்து தொடர்பு விட்டாலும்
வால்வு கட்டறுந்து எரியாமல்
குளிர்ந்து அடங்கட்டும் என்று
மைனஸ் பக்கம் ஒரு மின்தடை வைத்தேன்.
அதை யாரும் பார்க்கப்போவதில்லை.

இடதைத் திருப்பினால் வலது லேசாக நகர்கிறது.
வலதைத் தொட்டால் இடது.
மூன்று முறை, நான்கு முறை,
இடையில் சூடேறக் காத்திருந்து,
நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்றரை.
போதும்.

வெய்க்கோ மேல்கோட்டைக் கழற்றாமல் வந்து நின்றார்.
"இன்னும் போடலையா?"
"போட்டு அரை மணி ஆச்சு."
ஸ்பீக்கரில் காதை வைத்தார்.
அந்தப் பழைய உறுமல் இல்லை.
வெளியே ஒரு கயிறு கொடிக்கம்பத்தில்
தட்டிக்கொண்டிருந்ததுதான் கேட்டது.

என் பையிலும் நகப்பூச்சு உண்டு. பச்சை, மகளுடையது.
வைக்கவில்லை.
வால்வுகள் தேயும்; அடுத்த குளிர்காலம்
யாராவது திருப்பத்தான் வேண்டும்.
மூடியின் உட்புறம் பென்சிலால் எழுதினேன்:
நாற்பத்திரண்டு. நன்றாகச் சூடான பிறகு பார்.
கீழே பெயர், முழுசாக,
இர்மெலி ஹோவி.