கோரிய வடிவத்தில்

ஐம்பத்தோராம் தெரு, மூன்றாம் மாடி.
மின்சாரம் ஒன்பதிலிருந்து ஒன்றுவரை,
அதுவும் சொன்னபடி வந்தால்.
மடிக்கணினியில் நாற்பத்திரண்டு சதவீதம் மிச்சம்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம், டாலாவில்,
ஒரு கண் மருத்துவமனைக்கு
முன்பதிவுப் படிவம் எழுதுகிறேன்.

வெளியிலிருந்து ஸ்கிரிப்ட் எதையும் சேர்க்கவில்லை.
அது இறங்கி முடிப்பதற்குள்
டாலாப் படகு இரண்டு தடவை போய்வந்துவிடும்.
உலாவிக்குத் தெரிந்ததே போதும்.
‘கட்டாயம்’ என்று ஒரு சொல் போட்டால்
காலியாக விட்டவரை அதுவே நிறுத்தி வைக்கும்.
பிறந்த தேதிக்கு இன்றோடு எல்லை,
நாளை பிறக்கப்போகிறவர் பதிவு செய்ய முடியாது.
மின்னஞ்சலில் நடுவே அந்தச் சுழி இருக்கிறதா என்று பார்க்கும்,
முகவரியில் ஆள் இருக்கிறாரா என்று துருவாது.
அந்த நாகரிகம் எனக்குப் பிடிக்கும்.
குடும்பப் பெயருக்குக் கட்டமே வைக்கவில்லை.
இந்த ஊரில் அநேகம் பேருக்கு அப்படி ஒன்று கிடையாது.

லைன் அறுந்து கிடந்தாலும்
கைப்பேசிக்குள்ளிருந்தே ஒரு குமிழி எழும்பும்.
கைப்பேசி எந்த மொழியோ அந்த மொழியில் பேசும்.
நான் ஒரு வரிகூட மொழிபெயர்க்கவில்லை.

அடையாள அட்டை எண்ணுக்கு மட்டும்
ஒரு பேட்டர்ன் எழுதினேன்.
முதலில் மாநிலத்தின் எண், ஒரு சாய்கோடு,
ஊரின் மூன்றெழுத்து,
அடைப்புக்குறிக்குள் ‘நைங்’,
கடைசியில் ஆறு இலக்கம்.
என் அட்டையைப் பார்த்துத்தான் எழுதினேன்.
என்னையே வைத்து மூன்று முறை சோதித்தேன்.
மூன்று முறையும் நான் செல்லுபடியானேன்.

வியாழக்கிழமை போன்.
பர்மியில் ஆரம்பித்து
என் ‘ழ’வைக் கேட்டதும் தமிழுக்கு வந்தாள்.
டோ மியா யீ. வீட்டில் செங்கமலம்.
“கேட்ட வடிவத்துக்குப் பொருந்தணும்னு சொல்லுதாம்மா.
பக்கத்து வீட்டுப் பையன்தான் வாசிச்சான்.
எனக்கு எழுத்து தெரியறதுக்குள்ள அது போயிருது.
நான் எதைப் பொருத்தணும்?”

கண்ணில் புரை விழுந்தவளுக்கு
எறும்பளவு எழுத்தில்
ஐந்து வினாடி தோன்றி மறையும் குமிழி.
அதை நான் யோசிக்கவில்லை.

அட்டையை வாசிக்கச் சொன்னேன்.
பையன் வாசித்தான்.
இலக்கங்களைப் பர்மிய எழுத்தில் அடித்திருந்தார்கள்.
என் பேட்டர்னுக்கு அவை எண்களே அல்ல, வட்டமும் வாலும்.
இது சுலபம், திருத்திவிடலாம் என்று நினைக்கும்போதே
“அடைப்புக்குள்ள ‘எ’” என்றான்.

நீல அட்டை.
‘எ’ என்றால் விருந்தாளி.
டாலாவில் பிறந்து
டாலாச் சந்தையில் கருவாடு விற்று
அறுபத்திமூன்று வருஷமாக விருந்தாளி.

அட்டைக்கு நிறம் பிரித்தவர்களிடம்
ஏன் என்று கேட்க எனக்கு வாயில்லை.
ஆனால் இந்த ஒரு வரி
நான் எழுதியது.
யாரும் சொல்லாமல்,
காபி ஆறுவதற்குள்.

மருத்துவமனை கோ லின் டெட்டைக் கூப்பிட்டேன்.
கண் பார்க்க அட்டை எண் எதற்கு?
யோசித்தார். காகிதத்தில் எப்போதும் இருந்தது, என்றார்.
வேறு காரணம்?
பின்னால் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம்.
இல்லை, என்றார்.

பேட்டர்னை அழித்தேன்.
‘கட்டாயம்’ என்பதையும் எடுத்தேன்.
கட்டத்தின் மேல் பெரிய எழுத்தில்
‘விரும்பினால் மட்டும்’.
பிழை வந்தால் மறையாமல் கீழேயே நிற்க ஒரு வரி.
பதினொரு சதவீதத்தில் ஏற்றி முடித்தேன்.

மாலை அவள் பதிவு வந்திருந்தது.
பெயர்க் கட்டத்தில் இரண்டு பெயரும்,
நடுவில் ஒரு கமா.
மின்னஞ்சல் காலி.
விரும்பினால் மட்டும் என்றிருந்த கட்டத்தில்
பன்னிரண்டு, சாய்கோடு,
ஊரின் மூன்றெழுத்து, ஆறு இலக்கம்,
எல்லாம் பர்மிய எழுத்தில்,
ஒன்று விடாமல்,
அந்த ‘எ’யும்
அதன் இரண்டு பக்கத்து அடைப்புக்குறியும்.