நாள் ஐந்து, கியோத்தோ

காலை ஒன்பதுக்குச் செம்மஞ்சள் வாயில்கள்.
பத்தரைக்குத் தேநீர்ச் சடங்கு; முழங்கால் நோவுள்ளோருக்கு
நாற்காலி உண்டு, முற்கூட்டியே சொல்லவும்.
மதியம் சைவச் சாப்பாடு. மீன் வாசம் வந்தால் பொறுத்தருள்க.
இப்படித்தான் நான்
கொள்ளுப்பிட்டியில், மூன்றாம் மாடியில்,
ஒழுகும் ஏசிக்குக் கீழே வைத்த வாளி நிரம்ப நிரம்ப
யப்பான் எழுதுவேன்.

பதினொரு வருடம். போனதில்லை.
என் கடவுச்சீட்டில் ஒரேயொரு பயணம்,
திருச்சி; அதுவும் மச்சாளின் கலியாணத்துக்கு.
ஆனால் கேட்டுப் பாருங்கள்,
நாராவில் மான் எந்தப் பிஸ்கற்றுக்குத் தலை குனியும்,
எந்த நிலையத்தில் எந்த வாசலால் ஏறினால் நனையமாட்டீர்கள்,
கழிவறைச் செருப்போடு ஏன் கூடத்துக்கு வரக்கூடாது,
எல்லாம் தெரியும்.
இரவிரவாக ஒவ்வொரு தெருவாய்ப் போனில்
விரலால் தள்ளித் தள்ளி நடந்திருக்கிறேன்.
அந்தப் படங்களில் எல்லாருக்கும் முகம் மங்கல்.
சிலவேளை நாய்களுக்கும்.

சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய சனி.
அரைநாள் வேலை. மணி ஒன்று.
நூறாம் இலக்க பஸ் டூப்ளிகேஷன் வீதியில்
மலிவு விற்பனைச் சனத்துக்குள் மாட்டி நிற்கிறது.
என் ஒரு கால் தரையில்,
மற்றது யாருடையதோ காலில்.

போன். மரியநேசன் அண்ணர்,
கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை.
“பிள்ளை, நான் துலைஞ்சு போனன்.
ஒரு கத்திக்கடையில கொஞ்சம் மினக்கெட்டிட்டன்.
திரும்பினா ஒருத்தரையும் காணேல்லை.
கொடி பிடிக்கிற பெட்டை போன் எடுக்கிறாளில்லை.
ஃபுளோராவின்ர போன் என்ர பொக்கெற்றுக்க கிடக்கு.”

“முன்னால என்ன தெரியுது?”
“ஆறு. பாலம். கரை முழுக்கச் சோடி சோடியா
அளந்து இருத்தின மாதிரிப் பொடியளும் பெட்டையளும்.”
“வளைஞ்ச கூரையோட ஒரு கொட்டகை?”
“இருக்கு, இருக்கு.”
“அதுக்கு முதுகைக் காட்டுங்கோ. பாலத்தைக் கடவுங்கோ.
நேரே. இடப்பக்கம் திரும்பவே வேண்டாம்!”
உரத்துச் சொல்லிவிட்டேன் போல;
பஸ் முழுக்க என்னைப் பார்த்தது.
கொண்டக்டர் மிச்சக் காசைத் தந்துவிட்டு
ட்ரைவரை ஒருதரம் எட்டிப் பார்த்தான்.

பம்பலப்பிட்டியில் சிவப்பு.
அங்கேயும் சிவப்பாம்.
நின்றோம் இருவரும்.

பிறகு காதுக்குள்
கீச், கீச், கீச்.

“அண்ணை, என்ன சத்தம் அது? கோழிக்குஞ்சோ?”
“லைற், பிள்ளை. பச்சை விழுந்தா இப்பிடிக் கத்தும்.
கண் தெரியாத சனத்துக்காம்.
மற்றப் பக்கத்தால கடந்தாக் குயில்.”

இரவிரவாக நான் நடந்த அந்தத் தெருக்களில்
ஒருமுறையும் எதுவும் சத்தம் போட்டதில்லை.

அவர் கத்தியின் விலையைச் சொல்லிக்கொண்டே போனார்.
நான் அவரைக் கேட்கவில்லை.
சப்பாத்துகள். ஒரு சைக்கிள் மணி. யாரோ இருமியது.
கடைவாசலில் ஒரு பெண்
ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப, கடைசி எழுத்தை இழுத்து.
“பிள்ளை, லைனில நிக்கிறியோ?”
“கொஞ்சம் மெதுவா நடவுங்கோ.”
தன் முழங்காலுக்காகச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.
மெதுவாகத்தான் நடந்தார்.

ஹோட்டல் வாசலில் ஃபுளோரா ஏசத் தொடங்கியது
தெளிவாகக் கேட்டது. நான் வைத்துவிட்டேன்.

வெள்ளவத்தையில் இறங்கி,
கையை நீட்டி,
ஒரு ஓட்டோக்காரனின் கண்ணைப் பார்த்துக்கொண்டே கடந்தேன்.

திங்கள் காலை வாளியைக் கவிழ்த்துவிட்டு
நாள் ஐந்தில் ஒரு வரி சேர்த்தேன்:
மாலை நாலரை, நாற்சந்தியில் பச்சை விளக்கு கீச்சிடும். கட்டணமில்லை.
மனேஜர் நிலாம்டீன் வெட்டினார்.
“இதுக்கெல்லாம் யாரு சல்லி தருவாங்க?”
அவர் ளுஹருக்குப் போன நேரம் பார்த்து
மறுபடி சேர்த்தேன்,
முழங்கால் குறிப்புக்குக் கீழே,
சின்ன எழுத்தில்.