கண்ணாடிக் குண்டின் கீழே

வெலிமடைக் கிளையில் எனக்கொரு மேசை.
காகிதம் பறக்காமலிருக்க ஒரு கண்ணாடிக் குண்டு,
உள்ளே பிளாஸ்டிக் ரோஜா.
அதன் கீழே கிடந்தது பேச்சாயியின் விண்ணப்பம்.

கேட்ட தொகை நாற்பதாயிரம்.
நோக்கம் யூரியா, களை பிடுங்கக் கூலி.
காணி உறுதி இலக்கம் என்ற இடத்தில்
அவள் மகன் ஒரு சின்னக் கோடு இழுத்திருந்தான்.

வயல் டிங்கிரிபண்டாவுடையது,
விளைவதில் பாதி அவருக்கு.
லயத்துக் காம்பரா தோட்டத்துடையது.
கூரையில் ஆறு தகரம் மட்டும்
தன்னுடையது என்றாள்.
பற்றுச்சீட்டு இருக்கிறதாம்.

நான் சிரிக்கவில்லை.
சிரித்திருந்தாலும் பரவாயில்லை.
‘பிணையாளர் இருவர், சம்பளச்சீட்டுடன்’
என்று ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

கொழுந்தெடுப்பவர் சீட்டில்
கழிவெல்லாம் போய் மிஞ்சுவதை
எந்த மனேஜரும் பிணையென்று ஏற்கமாட்டார்.
அவளுக்கும் தெரியும்.
இருந்தும் மூன்று தரம் பஸ் ஏறி வந்தாள்.
ஒரு தரம் நல்ல மழை.
சேலை ஈரமென்று கதிரையில் உட்காரவில்லை.

வரப்புக்கு அந்தப் பக்கம்
டிங்கிரிபண்டாவின் மருமகன் திலகரத்ன.
அதே வாய்க்கால், அதே விதைநெல்,
ஆளுக்கு ஆள் கைமாறி
ஒரே நாளில் நட்ட நாற்று.
உறுதியோடு வந்தான்,
மூன்றாம் நாள் காசோடு போனான்.
அவன் வயல் தூர்கட்டி இருண்டது.
அவளுடையது எலுமிச்சைத் தோல் நிறம்.

பயிருக்கு என் மேசை தெரியாது.
ஐந்தாம் கிழமைப் பசிக்கு
எட்டாம் கிழமை போடும் சோறு
வைக்கோலுக்குத்தான் போகும்.

அனுமதி வந்தது, இருபத்து மூன்றாம் நாள்.
அதற்குள் அரை மூட்டை உரத்துக்கு
செவ்வாய்க்கிழமை வசூலுக்கு வரும் கம்பனியிடம்
கைநீட்டியிருந்தாள்.
எங்கள் காசு படியிறங்கி நேரே அங்கே போயிற்று.
கோப்பில் நான் ‘உரம்’ என்று எழுதினேன்.

பங்குனியில் அறுப்பு.
அரை ஏக்கரில் அவனுக்கு நாற்பத்தாறு புசல்.
அவளுக்கு இருபத்தொன்பது,
பண்டாவின் பாதியும் அதற்குள்ளே.

விளைச்சல் குறைந்ததேன் என்று
தலைமையகம் அறிக்கை கேட்டது.
பூச்சி, தண்ணீர், மண், வேறு
என நான்கு கட்டங்கள்.
‘வேறு’ என்பதில் புள்ளடி போட்டேன்.
பக்கத்தில் விவரம் எழுத இரண்டு அங்குல இடம்.
பேனையை மூடிவிட்டேன்.

நேற்று வந்தாள்.
கடைசித் தவணையைக் கட்டிவிட்டு
பெரும்போகத்துக்குப் படிவம் கேட்டாள்.
இப்பதானே வைகாசி என்றேன்.

“நாத்துக்கு முந்தி கடுதாசிய நட்டுருவோம் சேர்.
அது மொளைக்கத்தானே நாளாகுது.”

இழுப்பறையைத் திறந்தேன்.
பழைய படிவம் இனிச் செல்லாது,
புதியது பதுளையிலிருந்து வரவேண்டும்.
செவ்வாய்க்கிழமை வாங்க என்று
சொல்லிவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.