வீரபாண்டிப் பிரிவில் எண்ணிக்கை

காலை ஏழிலிருந்து
பிளாஸ்டிக் நாற்காலி போட்டு
கட்டைவிரலால் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
கார் ஒன்று. மொபெட் அரை. லாரி மூன்று.
சாலைக்கணக்கு அப்படி.
சோளத்தட்டுக் கட்டோடு போகிறவருக்குத் தெரியாது
தான் அரை என்று.

போன தையிலிருந்து வருகின்றன
ஓட்டுநர் இல்லாத வெள்ளை வேன்கள்,
நூல் கோன் ஏற்றி, பனியன் ஏற்றி.
படிவத்தில் அவற்றுக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் கோடு இழுத்திருக்கிறேன்.

முன்வண்டிக்கும் தனக்கும் நடுவே
அது இரண்டு நொடி விடுகிறது.
பல்லடம் ரோட்டில் இரண்டு நொடி என்றால்
காலி மனை.
பால்கேன் கடகடக்க ஒரு எக்ஸ்எல் நுழையும்.
அது பின்வாங்கி மறுபடி இரண்டு நொடி விடும்.
அதில் ஒரு மினிடோர்.
மறுபடி விடும்,
பந்தியில் எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டு
தனக்கு இலை கிடைக்காத சம்பந்தி மாதிரி.

அதன் பின்னால் நாச்சிமுத்து அண்ணனின் பஸ்.
பல்லடத்தில் எட்டு நாற்பத்திரண்டு டைமிங்.
ஹாரன் அடித்து ஓய்ந்து
ஜன்னல் வழியே என்னைக் கேட்கிறார்:
"ஏனுங், அதுக்குக் காது இருக்குதுங்களா?"
நான் பெற்று வளர்த்த வண்டிபோல.

மணிக்கு ஆயிரத்து எண்ணூற்று நாற்பது போய்க்கொண்டிருந்தது.
இப்போது ஆயிரத்து எழுநூற்றுப் பத்து.
இத்தனைக்கும் நூற்றுக்கு எட்டுத்தான் அவை.
"எண்பது ஆகட்டும்," என்றார் இன்ஜினியர் கிருத்திகா,
"ஒன்றோடொன்று பேசிக்கொண்டு ஒட்டிப் போகும்.
இதே ரோட்டில் இரண்டு மடங்கு."
எட்டுக்கும் எண்பதுக்கும் நடுவில் எத்தனை வருசம் என்றேன்.
தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

அவர் சொன்னதை ஒருநாள் ராத்திரிக் கணக்கில் பார்த்தேன்.
இரண்டே முக்காலுக்கு ஒன்பது கண்டெய்னர்,
நடுவில் ஒரு முழ வெளிச்சம் இல்லாமல்,
ஒரே மூச்சில்.
என் விரல் ஏழில் நின்றுவிட்டது.
எதிர்ப்பக்கம் சாயப்பட்டறை ஷிப்ட் முடிந்த ஒருவர்
ரோட்டைக் கடக்கக் கை நீட்டியிருந்தார்,
நகமெல்லாம் நீலம்.
நீட்டிய கையை எங்கே நுழைப்பதென்று தெரியாமல்
சட்டைப்பையில் விட்டுக்கொண்டார்.

இன்று சாயங்காலம்
நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
நானும் கை நீட்டினேன்.
வெள்ளை வேன் நின்றது.
நான் கடக்கும்வரை நின்றது,
கடந்தபிறகும் கொஞ்சம் நின்றது.
பின்னால் ஹாரன்கள்:
அரை, ஒன்று, அரை, அரை, மூன்று.

நான் ஓடவில்லை.