பாலத்துக்கு அந்தப் பக்கம்

சாட்ஸ்வர்த்திலிருந்து இரண்டரை மணி நேரம்.
உம்தம்வுனா பாலம் தாண்டினால் சூதாடலாம்,
அதுவரை குற்றம்.

சாலாட்சி, அன்று உன் மடியில்
வாளி நிறைய இருபது சென்ட் காசு.
பக்கத்து இயந்திரத்தில் ஒரு வெள்ளைக்காரி.
இரண்டும் ஒரே பசியில் தின்றன.
ராத்திரி ராக் கச்சேரி. குதித்த குதியில்
போன உன் ஒற்றைச் செருப்பு
அங்கேதான் எங்காவது கிடக்கும்.

டர்பன் கடற்கரை ரோலர் கோஸ்டரில்
நமக்கு இடமில்லை அப்போது.
வேலிக்கு வெளியே நின்று
அடுத்தவர் அலறலைக் கேட்டோம், சோளம் கொறித்தபடி.

இடம் கிடைத்தபோது
எனக்கு இரத்த அழுத்தம், அதற்குத் துரு.

பிரிக்கிறார்கள் என்று நேற்றுப் போனேன்.
கேட்காமலே ஒரு போல்ட்டைத் தந்தான் காவலாளி.
ஜன்னலில், உப்பு ஜாடி பக்கத்தில் வைத்திருக்கிறேன்.
தொட்டால் இன்னும் கிரீஸ்.