இருபது வருட உத்தரவாதம்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
நாங்கள் ஏறிய மூன்றாவது கடை.
ஸ்டான்லின் ஒரு பலகையை எடுத்து
ஸ்கூட்டர் சாவியால் கீறினார். கோடு விழவில்லை.
சோடாவைக் கவிழ்த்தார்.
உருண்டு போய் என் செருப்பை நனைத்தது.
"வீட்டுக்கும் போடலாம் வண்டிக்கும் போடலாம்,
இருவது வருசத்துக்கு ஒண்ணும் ஆவாது, கேட்டியளா?"

வண்டிக்கு எஃப்.சி. இரண்டு வருடம்தான் பாக்கி.
நான் வாயைத் திறக்கவில்லை.

முன்பு அது ஆம்புலன்ஸ்.
ஏலத்தில் எடுத்தோம், லிட்வினும் நானும்,
வயநாடு வரை ஓட்டிப் போய்
உள்ளேயே படுத்துறங்க.
பழைய தளத்தைப் பெயர்த்த அன்று
ஒட்டுப்பலகை ஈர ரஸ்க்காய் உதிர்ந்தது.
இடுக்கில் ஊசி மூடிகள் பதினொன்று,
ஒரு கொலுசுத் திருகு,
நீல நிறத்தில் குழந்தைச் சட்டைப் பொத்தான்.
மூடிகளைக் குப்பையில் போட்டவன்
மற்ற இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
வெகுநேரம் நின்றான்.

அயனிப் பலகை கனம், டீசல் குடிக்கும்.
ரப்பர் மரத்தை வண்டு தின்னும்.
ஸ்டான்லின் தந்த மாதிரித் துண்டுகள் நான்கை
முட்டத்துக்குக் கொண்டுவந்தேன்.
ஒன்று கடல்தண்ணி வாளியில் ஒன்பது நாள்.
ஒன்று தகரக் கூரைமேல், சித்திரை வெயிலில்.
ஒன்று கிரைண்டருக்கு அடியில்.
ஒன்றின்மேல் தேங்காயைப் போட்டேன், இடுப்புயரத்திலிருந்து,
பிறகு தலையுயரத்திலிருந்து.
லிட்வினுக்குப் பிடித்த கரும்பழுப்பு
கூரையில் நுனி தூக்கி
நாக்கு நீட்டியது.
வாளியில் கிடந்த பிலாச்சுளை நிறம்
துடைத்ததும் புதிதாயிருந்தது.
அழகில்லைதான்.

பதினாலு பெட்டி:
வீட்டுக்குப் பதினொன்று, வண்டிக்கு மூன்று.
வீட்டில் விரித்த பிறகே தெரிந்தது,
ஆறாவது பலகைதோறும் அதே கணு, அதே வளையம்.
அச்சில் பிறந்த மரம்
ஒரே மச்சத்தோடு வரிசையாய்க் கிடந்தது.
ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.
மச்சமும் திரும்பிக்கொண்டது.

வண்டியில்தான் சண்டை.
ஓரத்தில் சுண்டுவிரல் அகலம் விடணும்,
வெயிலில் விரியும் என்றேன்.
இடைவெளி விட்டால் மணல் ஏறும் என்றான்.
கூரையிலிருந்த துண்டை
எடுத்துவந்து காட்ட வேண்டியிருந்தது.
பேசாமல் அறுத்தான்,
ஒவ்வொன்றையும் சுண்டுவிரல் அளவு குறைத்து.

பீடிங் அடிக்குமுன்
கதவோர இடைவெளியில் அவன்
பொத்தானை வைத்ததைப் பார்த்தேன்.
பார்க்காதது மாதிரி
ஆணி எடுத்துக் கொடுத்தேன்.

திருகை என்ன செய்தானோ.
நேற்று சொத்தவிளையில் நிறுத்தித் தூங்கினோம்.
காலையில் தளம் முழுக்க மணல்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை,
துடைப்பத்தை மட்டும்
என் பக்கம் தள்ளி வைத்தான்.