ஒட்டுப்பால்

ஸ்கேன் பார்த்த டாக்டர்
திரையை என் பக்கம் திருப்பவில்லை.
நர்ஸ்தான் கேட்டாள்:
மூத்தது ஆபரேஷனாக்கா?

ஆமாம். அஜிஷாவுக்கு நாலு வயசு.
இதே ஆசாரிப்பள்ளத்தில்தான்
கொடி சுற்றிக் கிடந்தவளை
விடியக்காலம் கீறி எடுத்தார்கள்.

அந்தத் தழும்பில் போய் ஒட்டியிருக்கிறது
இது.
ஏழு வாரம்.
துடிப்பு இருக்கு, என்றார்
மன்னிப்புக் கேட்கிற குரலில்.

கர்ப்பப்பை முழுக்க இடம் கிடந்தும்
தையல் போட்ட கீறலுக்குள்
வேர் பிடித்திருக்கிறது நஞ்சுக்கொடி.
வளர வளரத் தோண்டும்,
மூத்திரப்பை வரை போகும்,
பிறகு ரத்தம் நிற்காது.
சீட்டின் பின்புறம் வரைந்து காட்டினார்:
தலைகீழாய் ஒரு பேரிக்காய்,
கழுத்தருகே ஒரு புள்ளி.

எனக்குப் படம் தேவைப்படவில்லை.
கீரிப்பாறைக் கூப்பில்
ஒன்பது வருஷமாய்ப் பால் வெட்டுகிறேன்.
கத்தி பட்டையோடு நிற்க வேண்டும்.
ஒரு நூல் கூடித் தடியில் பட்டால்
மரம் ஆறும், ஆனால்
அந்த இடத்தில் முண்டு கட்டும்.
வெட்டுவாயில் உறைந்த ஒட்டுப்பாலை
மறுநாள் நகத்தால் கிள்ளி இழுப்பேன்,
நாடா மாதிரி முழுசாய் வந்துவிடும்.
மரம் ஒன்றும் சொல்லாது.

சம்மதத் தாளில் ஜெபசிங் கையெழுத்துப் போட்டான்.
எனக்கும் ஓர் இடம் இருந்தது, கீழே.

வயிற்றின் வழியே ஊசி.
துடிப்பு அன்றைக்கே நின்றது.
ஒட்டு மட்டும் விடவில்லை.
வியாழன்தோறும் ரத்தம் எடுத்தார்கள்:
இருபத்தெட்டாயிரம், பதினேழாயிரம்,
ஆறாயிரத்துச் சொச்சம்.
ஷீட் விலை இறங்கும்போது பார்ப்பதுபோல
தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இறங்கினால் நல்லது என்பது
பழக நாளானது.

என்னவாம் வயிற்றில்? என்றாள் பக்கத்துவீட்டு லில்லிபாய்.
கட்டி, என்றேன்.
அவளும் அதற்குமேல் கேட்கவில்லை.

பதினோராவது வியாழன், நாலு.
ஐந்துக்குக் கீழே வந்தால்
இல்லை என்று அர்த்தமாம்.
இல்லைக்கும் ஓர் எண் வைத்திருக்கிறார்கள்.

இன்று கூப்புக்கு வந்தேன், வேலைக்கில்லை.
மழைக்கு மரங்களெல்லாம்
பிளாஸ்டிக் பாவாடை கட்டி நிற்கின்றன.
என் முந்நூறு மரத்தையும்
வேறு யாரோ வெட்டுகிறார்கள்,
கொஞ்சம் ஆழமாகத்தான்.
அஜிஷா ஒட்டுப்பால் உரித்து
சுற்றிச் சுற்றிப் பந்தாக்குகிறாள்.
ஒரு மரத்தில் மட்டும் வரவில்லை.
அம்மா, இதை இழு, என்கிறாள்.

கிடக்கட்டும் மக்கா, என்கிறேன்.
அது அங்கேயே கிடக்கட்டும்.